சூட்டுக்கு ஒரு வாசல்

சூடு ஒரு விருந்தாளி என்பது அவளுடைய எண்ணம். வந்தவரை வாங்க என்று சொல்லி உட்கார வைக்கலாம். ஆனால் புறப்படும்போது போவதற்கு ஒரு வாசல் இருக்க வேண்டும். வாசல் இல்லாத வீட்டில் விருந்தாளியே வீட்டைக் கொளுத்திவிடுவான். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளின் வயிற்றுக்கு அடியில் கையை நீட்டி ஒரு குழாயைத் தொடும்போதெல்லாம் அவளுக்கு இந்த நினைப்பு வரும். வந்தால் கண்கள் பாதி மூடிக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு அவள் நின்றபடியே தூங்குகிறாளோ என்று தோன்றும்.

தெருவில் அவளுக்கு ஐஸ்காரி என்று பெயர். "பேருதான் ஐஸ்காரி, யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாது" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். பெயர் சும்மா வரவில்லை. ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் பிறந்தவள் அவள். அப்பா அங்கே கொக்கியால் பாளம் இழுக்கிறவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தொட்டியை மூடிய பலகையின் மேல் காதை வைத்துப் படுத்துக்கொள்வாள். கீழே தண்ணீர் கல்லாகிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் மிகச் சின்னது. யாரோ வெகுதூரத்தில் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு நடப்பது மாதிரி. அந்தப் பலகையின் மேல்தான் அவளுக்கு ஒன்று விளங்கியது. குளிர் என்று தனியாக எதுவும் வந்து சேர்வதில்லை. சூடு எழுந்து போய்விட்ட இடத்துக்குத்தான் குளிர் என்று பெயர்.

வளர்ந்து ஃபிரிட்ஜ் குழாய் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டாள். இருபத்து நாலு வயதில் ஒரு கேஸ் டார்ச்சும் ஒரு மர மேசையும் போட்டுச் சின்னதாகக் கடை வைத்தாள். ஒருநாள் முழங்கை வரை எண்ணெயோடு ஓர் இளைஞன் நசுங்கிய குழாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்கு எண்ணெய் போகிற குழாய். எப்படி வளைய வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் தன் கையையே மடக்கிக் காட்டினான். அவள் குழாயை முட்டியில் வைத்து அதே மாதிரி வளைத்துக் கொடுத்தாள். மறுநாள் இன்னொரு நசுங்கிய குழாயோடு வந்தான். மூன்றாம் நாள் வந்த குழாயில் சுத்தியலின் முகம் வட்டமாகப் பதிந்திருந்தது.

"இதை நீங்களே அடிச்சீங்களா?" என்று கேட்டாள்.

அவன் காது சிவந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில்தான் ஒரு குடும்பம் ஆரம்பமாயிற்று.

இப்போது அதற்கு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவரைத் தெருவில் பெட்டிக்காரர் என்பார்கள். கியர்பாக்ஸைப் பெட்டி என்று சொல்வதுதான் பட்டறைப் பேச்சு. விவரம் தெரியாத ஒருவர், தன் மாமனார் படுத்த படுக்கையாக இருக்கும் நேரத்தில், சவப்பெட்டிக்கு அளவு சொல்ல வந்து நின்ற கதையும் உண்டு.

வேலை இருவருக்கும் தனித்தனி. அவர் பெட்டியை மாற்றுவார். அவள் சூட்டை ஆற்றுவாள். பழைய ஆட்டோமேட்டிக் பெட்டி இரண்டு ஆள் எடை இருக்கும். அதை ஜாக்கியில் இறக்கி, வேறொன்றை ஏற்றி, இன்ஜினோடு சேர்க்கும்போது அவர் மூச்சை அடக்கிக்கொள்வார். முன்னாலிருக்கும் உருண்டையான கன்வெர்ட்டர் மூன்று முறை டொக் டொக்கென்று உள்ளே இறங்க வேண்டும். இரண்டோடு நிறுத்தி போல்ட்டை முறுக்கினால் உள்ளே பம்ப் நொறுங்கிவிடும். மூன்றாவது டொக் கேட்ட பிறகுதான் அவர் மூச்சு விடுவார். அதற்கப்புறம் அவள் முறை. கியர்பாக்ஸ் எண்ணெயின் சூட்டை வெளியேற்றும் கூலரை ரேடியேட்டருக்கு முன்னால், காற்று வந்து அடிக்கும் இடத்தில் பொருத்துவாள். குழாய்களை வளைத்து இணைப்பாள். மேட்டு ரோட்டில் மெதுவாக ஏறும் வண்டியில் எண்ணெய் கொதித்துப் போகும். பெட்டியைக் கொல்வது தூரமில்லை, அந்தச் சூடுதான்.

அவர்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டி வேலை முடிந்தால் முன் டயரில் அவர் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். கூலர் வேலை முடிந்தால் அவள் ஸ்டியரிங்கில் ஒரு நீலத் துணியைக் கட்டுவாள். கோடும் துணியும் இரண்டும் இருந்தால்தான் வண்டி வெளியே போகும். இருபத்திரண்டு வருடத்தில் அவள் துணியை வேறு கை கட்டியதில்லை.

அப்படிப்பட்ட வீட்டில்தான் ஒரு சொல் வந்து விழுந்தது.

மரக்கடைக்காரர் தன் வெள்ளை வண்டியை வேலைக்கு விட வந்திருந்தார். பேச்சுவாக்கில், "உங்க வீட்டம்மாவும் மெக்கானிக்கா?" என்று கேட்டார்.

பெட்டிக்காரர் சிரித்தார். "அவளா? அவ சும்மா குழாய் வளைச்சுக் குடுப்பா."

பழைய ரேடியேட்டர் அடுக்குக்குப் பின்னால் அவள் டார்ச்சோடு நின்றிருந்தாள். சும்மா. அந்த ஒரு வார்த்தை நெஞ்சில் ஆணியாக இறங்கியது. டார்ச்சின் தீயை அணைத்தாள். அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை.

பேசவில்லை என்றால் அடியோடு இல்லை. பட்டறை மேசையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸிடம் பேசினாள். "ஏ வைஸே, சாப்பாடு ஆறுதுன்னு சொல்லு." அவர் காற்றடிக்கும் கம்பிரஸரைப் பார்த்து, "வரேன்னு சொல்லு கம்பிரஸரு" என்பார். விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் ஃபோன் செய்து, "அம்மா, அப்பாகிட்ட குடும்மா" என்றபோது, "அவருக்குத் தனியா நம்பர் இருக்கு, போட்டுக்கோ" என்று வைத்துவிட்டாள். மரக்கடைக்காரருக்குத்தான் சங்கடம். தன் வாயால்தான் எல்லாம் கெட்டது என்று வருகிறபோதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு வருவார்.

பன்னிரண்டு நாள் ஓடியது.

அந்தப் பன்னிரண்டு நாளில்தான் நாத்தனாரின் பெட்டி வேலையும் நடந்தது. பெட்டிக்காரரின் ஒரே தங்கை அவள். கணவாய்க்கு அப்பால், மலைமேல் சிதறிக் கிடக்கும் பதினோரு குடியிருப்புகளுக்கு அவள்தான் நர்ஸ். பிரசவமும் அவள்தான், பாம்புக்கடியும் அவள்தான். அவளுடைய வண்டியின் பெட்டி ஏழு மாதம் முன்பு கருகிப்போனது. மாதக் கடைசிக்குள் வண்டி ஓடாவிட்டால் அவளைக் கீழே நகர மருத்துவமனைக்கு மாற்றிவிடப் போவதாக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. அப்புறம் அந்தப் பதினோரு இடங்களுக்கும் யாரும் இல்லை. அந்த மாடலுக்குப் பெட்டி எங்கும் கிடைக்கவில்லை. அண்ணன்காரர் ஊர் ஊராகத் தேடி, விபத்தில் நொறுங்கிய ஒரு வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி வந்து, உள்ளே கிளட்ச் தட்டுகளைப் புதிதாக அடுக்கி ஏற்றினார். இது போனால் இன்னொன்று கிடையாது. அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஐஸ்காரி நாத்தனாருக்காகப் புதுக் கூலர் ஒன்று வாங்கி மேசைக்கு அடியில் வைத்திருந்தாள். ஏனென்றால் பெட்டி கருகினால், கருகிய தட்டுகளின் கரித்தூள் எண்ணெயோடு போய், ரேடியேட்டருக்குள் இருக்கும் பழைய கூலரின் குறுகலான சந்துகளில் படிந்துவிடும். புதுப் பெட்டியைப் பழைய கூலரோடு சேர்ப்பது, பிழைத்து வந்தவரை நோய் பரவிய அறையிலேயே படுக்க வைப்பதற்குச் சமம். டயரில் சாக்பீஸ் கோடு விழுந்து இரண்டு நாள் ஆயிற்று. கூலர் மாட்டு என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், கம்பிரஸரிடமாவது சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள். சொல்லாமலே செய்யட்டுமே என்று அவர் காத்திருந்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தலைவலி என்று வைஸிடம் சொல்லிவிட்டு அவள் முன்னதாகவே வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் பட்டறைக்கு வந்தபோது நாத்தனாரின் வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது. எண்ணெய்க் கறைக்கு நடுவே நான்கு டயர் அளவுக்குச் சிமென்ட் தரை வெளுத்துக் கிடந்தது. சரி, அவர் எங்கோ ஓட்டிப் பார்க்கப் போயிருக்கிறார் என்று முதலில் நினைத்தாள். அப்புறம்தான் மேசைக்கு அடியில் புதுக் கூலரின் அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு வாளி. வாளியில் பெட்ரோல். அதில் விரலை விட்டு எடுத்தாள். விரல் கறுத்தது.

பெட்டிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சின்ன வெற்றிக் களை.

அவள் வைஸைப் பார்க்கவில்லை. கம்பிரஸரைப் பார்க்கவில்லை. நேரே அவரைப் பார்த்தாள்.

"என்னங்க. என் துணியை யார் கட்டினது?"

பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அந்த 'என்னங்க'வைக் கேட்டு அவர் டீயைப் பாதியில் நிறுத்தினார்.

"நான்தான். நேத்து ராத்திரி தங்கச்சி ஃபோன் பண்ணினா. மேல ஒரு பொண்ணுக்கு வலி எடுத்துடும் போலிருக்காம், விடியறப்பவே வந்து வண்டியை எடுத்துட்டுக் கிளம்பணும்னா. நீ இல்ல. நானே பழைய கூலரைக் கழுவி மாட்டிட்டேன். பெட்ரோல் விட்டு, காத்து அடிச்சு… பத்துத் தடவை கழுவினேன்."

"பதினொண்ணாவது தடவையும் கறுப்பாத்தானே வந்திருக்கும்?"

வெற்றிக் களை மெல்ல வடிந்தது.

"ஏங்க, பச்சைப் பெட்ரோல்ல அது விடாதுங்க! சூட்டுல போய் ஒட்டினது சூட்டுலதான் விடும். கீழ ரோடு வரைக்கும் ஒண்ணும் ஆகாது. மலை ஏற ஆரம்பிச்சதும் எண்ணெய் கொதிக்கும். சந்துல தூங்கிட்டிருக்கிற தூள் எல்லாம் எழுந்து வந்து நேரா பெட்டிக்குள்ள போகும். ஃபில்டர் அடைச்சா முடிஞ்சுது. ஐயோ, அந்தப் பெட்டி… ஏழு மாசம் தேடினீங்களே, உங்க கையாலேயே…"

அவர் ஃபோனை எடுத்துத் தங்கைக்குப் போட்டார். மணி அடிக்கவில்லை. மலைக்குள் போய்விட்டால் அங்கே எந்த ஃபோனும் வேலை செய்யாது.

அந்த நேரம் பார்த்து மரக்கடைக்காரர் தன் வண்டியை எடுக்க வந்து நின்றார். அவர் வண்டி தயார். சாக்பீஸ் கோடும் இருந்தது, அவள் கையால் கட்டிய நீலத் துணியும் இருந்தது.

"அண்ணே, உங்க வண்டி வேணும்" என்றாள் அவள்.

"எடுத்துக்கோம்மா, எங்க?"

"கணவாய்க்கு. நீங்களும் வாங்க. இதைப் பிடிச்சுக்கோங்க."

எதற்கு என்று கேட்பதற்குள் அவர் பின்சீட்டில் இருந்தார். மடியில் புதுக் கூலர். ஒருபக்கம் எண்ணெய் கேன், இன்னொரு பக்கம் காலி வாளி. பச்சைக் குழந்தையை ஏந்துவது போல அட்டைப்பெட்டியை ஏந்திக்கொண்டார்.

சமவெளி ரோடு முடிந்து முதல் வளைவில் வண்டி திரும்பியதும் பனிமூட்டம் வந்து கண்ணாடியில் முகத்தை வைத்தது. மரங்கள் ஒன்றொன்றாக வந்து ஒன்றொன்றாகக் கரைந்தன. ரோட்டோரத்து வெள்ளைக் கற்கள் மிதந்து வந்தன. எங்கேயோ நீர் விழும் சத்தம். இடப்பக்கமா வலப்பக்கமா என்று சொல்ல முடியவில்லை. பின்சீட்டில் மரக்கடைக்காரர் மூச்சு விடுவதுகூட மெதுவாயிற்று.

அந்த வண்டியில் எண்ணெய்ச் சூடு காட்டும் மீட்டர் ஒன்றை அவள் பொருத்தியிருந்தாள். அதன் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். எழுபது. எழுபத்தைந்து. கண் பாதி மூடியது. மலைக்கு மேலே எங்கோ போய்க்கொண்டிருக்கும் இன்னொரு வண்டியின் வயிறு அவளுக்குத் தெரிந்தது. சிவந்த எண்ணெய் குழாய்க்குள் ஓடுகிறது. பழைய கூலரின் இருட்டுச் சந்துகளில் கரித்தூள் சுருண்டு படுத்திருக்கிறது. எண்ணெய் அதன்மேல் கை வைத்து, எழுந்திரு, எழுந்திரு என்கிறது. ஒரு துகள் புரண்டு படுக்கிறது. இன்னொன்று கண் விழிக்கிறது.

"இதுல எம்பத்தஞ்சு" என்றாள். தனக்குத்தானே சொல்வது போலிருந்தது. "அதுல நூறைத் தாண்டியிருக்கும்."

பெட்டிக்காரர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். சக்கரம் ஈர ரோட்டில் லேசாக வழுக்கியது.

"மெதுவா. நாம செத்துப் போய் அவ பெட்டியைக் காப்பாத்த முடியாது."

ஐந்தாவது வளைவு. ஆறாவது. அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"கறுப்பா வந்ததை நான் பார்த்தேன்."

"அப்புறம் ஏன் கட்டினீங்க?"

வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.

"நீ இல்லாமலும் முடியும்னு காட்டணும்னு தோணிச்சு. கட்டும்போதே கை நடுங்கிச்சு. இருந்தாலும் கட்டினேன்."

பின்சீட்டிலிருந்து மரக்கடைக்காரர் குரல் வந்தது. "பெட்டிக்காரரே, என்னை இங்கேயே இறக்கி விட்டுடுங்க. நான் நடந்தே போயிடறேன்."

"கூலரைக் கீழ போட்டுடாதீங்க அண்ணே" என்றாள் அவள்.

தனக்கு அழுகை வரும் என்று அவள் நினைத்தாள், வரவில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரே பட்டறையில் நின்ற மனிதர் தன் கை நடுங்கியதை ஒத்துக்கொண்டு விட்டார். அந்தச் சொல்லை எடுத்து எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள். முள் தொண்ணூறைத் தொட்டது.

பத்தொன்பது வளைவுகள் கொண்ட மலை அது. பதின்மூன்றாவது வளைவில் பனிக்குள் இரண்டு சிவப்பு விளக்குகள் தெரிந்தன. நாத்தனாரின் வண்டிதான். வண்டி நின்றுவிட்டது. அப்படியென்றால் பெட்டி…

கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். ரோட்டோரக் கட்டைச் சுவரில் நாத்தனார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஃபிளாஸ்க் மூடியில் எதையோ ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, மூணு பேரும் பொண்ணு பார்க்கக் கிளம்பின மாதிரி வந்திருக்கீங்க? ஆமா, அண்ணாவும் நீங்களும் ஒரே வண்டியிலயா? ஐயோ, மழை வரப்போகுது!"

"வண்டி ஏன் நின்னுது?"

"நிக்கலை, நிறுத்தினேன். முன்னால ரோடே தெரியலை. பனி விலகட்டும்னு இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு உட்கார்ந்திருக்கேன். அரை மணி ஆச்சு."

ஐஸ்காரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பனி! ஐஸ் தொழிற்சாலையின் வெள்ளைப் புகையில் வளர்ந்தவளை அந்தக் கணவாயின் வெள்ளைப் புகையே வழிமறித்துக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறதா?

"அதுவரைக்கும் கியர் எப்படி விழுந்துது?" என்று பெட்டிக்காரர் கேட்டார்.

"நல்லாத்தான் அண்ணா. மூணாவது மட்டும் கொஞ்சம் யோசிச்சு யோசிச்சு விழுது. புதுசில்லையா, பழகலைன்னு நெனச்சேன்."

பெட்டிக்காரர் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார்.

"எந்த வளைவுலேர்ந்து?" என்றாள் ஐஸ்காரி.

"பத்து… பத்தாவதா? அங்கேர்ந்துதான்."

மூன்று வளைவுகள். தூள் எழுந்துவிட்டது. பெட்டிக்குள் போய்விட்டது. போனது எவ்வளவு, போய் என்ன செய்தது என்பதுதான் இனிமேல் கேள்வி.

பெட்டிக்காரர் அப்படியே ஈர ரோட்டில் படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தார். கீழே போன பிறகு அவர் குரல் வேறு மாதிரி வந்தது.

"நீ சொல்லு. எதை முதல்ல பண்ணணும்?"

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எண்ணெயை வடிங்க. எல்லாத்தையும். துணியில வடிகட்டிப் பார்க்கணும். அண்ணே, உங்ககிட்ட வெள்ளைத் துணி ஏதாவது இருக்கா?"

மரக்கடைக்காரர் தயங்கித் தயங்கி ஒரு கைக்குட்டையை எடுத்தார். ஓரத்தில் பூ வேலை செய்திருந்தது. "வீட்டுல போட்டுக் குடுத்தது. கேப்பாங்களேம்மா…"

"பதினோரு ஊர்க் குழந்தைங்க பேரைச் சொல்லுங்க" என்று வாங்கி வாளியின் வாயில் விரித்துக் கட்டினாள்.

அடியில் போல்ட் கழன்றது. எண்ணெய் இன்னும் சூடாக இருந்தது. அவர் 'ஸ்' என்று கையை உதறிக்கொண்டார். ஆனாலும் வாளியை விடவில்லை. எண்ணெய் சிவப்பாகவே இறங்கியது. அது நல்ல அறிகுறி. கருகியிருந்தால் காப்பிக் கஷாயம் மாதிரி வந்திருக்கும். கடைசிச் சொட்டு விழுந்ததும் அவள் கைக்குட்டையை அவிழ்த்து, பனிக்குள் வெளிச்சம் இருக்கும் பக்கமாகத் தூக்கிப் பிடித்தாள். பூ வேலைக்கு நடுவே எள் அளவில் சில கறுப்புப் பொட்டுகள்.

பெட்டிக்காரரும் அடியிலிருந்து வெளியே வர, நாலு பேரும் அதன்மேல் குனிந்தார்கள். மலையே குனிந்து பார்ப்பது மாதிரி ஓர் அமைதி.

"நசுங்கினா பழைய பெட்டியோட கரி" என்றாள். "நசுங்காம கெட்டியா இருந்தா இரும்பு, பெட்டி உள்ள தேயுதுன்னு அர்த்தம்."

ஒன்றை விரலால் தேய்த்தாள், பொடியாயிற்று. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் மையாகக் குழைந்தன. ஏழாவது குழையவில்லை. விரல் நுனியில் குத்தியது.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். தூளை அவளால் படிக்க முடியும். இரும்பை அவளால் படிக்க முடியாது.

பெட்டிக்காரர் அந்தச் சிறு துணுக்கைத் தன் நகத்தின்மேல் வாங்கிக்கொண்டார். அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார். நாத்தனார் கம்பளியைக் கழுத்தோடு இறுக்கிப் பிடித்தாள்.

"அண்ணா. பொழைக்குமா? சொல்லிடு. இல்லேன்னா இப்பவே நடக்க ஆரம்பிக்கிறேன். மேல அந்தப் பொண்ணு காத்துக்கிட்டு இருப்பா."

"இரு." அவர் துணுக்கைக் கண்ணருகே கொண்டு போனார். "இது நீலம் பூத்திருக்கு. பாரு, மயில் கழுத்து மாதிரி. தீயில காய்ஞ்ச இரும்புதான் இப்படி ஆகும். என் பெட்டி இன்னும் அவ்வளவு சூடு பார்க்கலை. இது அன்னைக்குக் கருகின பழைய பெட்டியோட பேரிங். கூலருக்குள்ளேயே கிடந்து இப்பதான் வெளிய வந்திருக்கு."

"நிச்சயமாவா?" என்றாள் ஐஸ்காரி.

"இதுல நிச்சயம். மத்ததை நீதான் சொல்லணும். என்கிட்ட கேக்காத தங்கச்சி, உங்க அண்ணிகிட்ட கேளு. நான் சும்மா பெட்டியைத் தூக்கி மாட்டறவன்."

"நாடகம் போதும். கையைக் காட்டுங்க, கொப்புளம் கட்டியிருக்கா பார்க்கலாம்" என்றாள் ஐஸ்காரி.

நாத்தனார் நர்ஸாயிற்றே, அண்ணன் கையைப் பிடித்து மருந்து தடவிக் கட்டுப் போட்டாள். அதற்குள் ஐஸ்காரி வேலையில் இறங்கிவிட்டாள். முன் கிரில்லைக் கழற்றினாள். ரேடியேட்டருக்குள் போகும் இரண்டு எண்ணெய்க் குழாய்களையும் உருவினாள். பழைய கூலர் இனி எதற்கும் ஆகாமல் உள்ளேயே கிடக்கட்டும். புதுக் கூலரைக் காற்றுக்கு எதிரே நிறுத்திக் கம்பியால் நாலு மூலையிலும் கட்டினாள். குழாய் கொஞ்சம் நீளமாக இருந்தது. அப்படியே விட்டால் விசிறியில் உரசும். வளைக்க வேண்டும். டார்ச் இல்லை, மேசை இல்லை. முட்டியில் வைத்து அழுத்தினாள். மெல்ல, மூச்சோடு மூச்சாக. குழாய் நெளியாமல், நசுங்காமல், வாத்தின் கழுத்து மாதிரி வளைந்து கொடுத்தது.

பெட்டிக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார்.

கேனிலிருந்து புது எண்ணெய் ஊற்றினார்கள். இன்ஜினை ஓடவிட்டு, கியரை ஒவ்வோர் இடமாகத் தள்ளித் தள்ளி, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி உருவிப் பார்த்தார்கள். ஐஸ்காரி புதுக் கூலரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஓர் ஓரம் வெதுவெதுப்பு. மெல்ல நடுவுக்கு வந்தது. மறு ஓரம் குளிர்ந்தே இருந்தது. சூடு உள்ளே வருகிறது. சூடு வெளியே போகிறது. அவள் கண்கள் பாதி மூடிக்கொண்டன.

"அண்ணி தூங்கிட்டாங்க" என்றாள் நாத்தனார்.

"தூங்கலை. போ. ஃபில்டர்ல கொஞ்சம் தூள் இருக்கத்தான் செய்யும், திரும்பி வந்ததும் மாத்திடறேன். மேல வரைக்கும் தாங்கும்னுதான் நினைக்கிறேன். பத்தொன்பதாவது வளைவைத் தாண்டி உச்சியில ஒரு சமதரை வரும் பார், அங்க வேகம் பிடி. மூணாவது தயங்காம விழுந்துதுன்னா பெட்டி பொழைச்சுது. தயங்கினா அங்கேயே நிறுத்திடு, நாங்க வந்து உன்னை இந்த வண்டியில கொண்டு போய் விடறோம்."

"அப்புறம் என் வண்டி?"

ஐஸ்காரி முன் கிரில்லைத் தூக்கி மாட்டினாள். பனி சற்று இளகியிருந்தது. நாத்தனார் அண்ணியின் கன்னத்தில் எண்ணெய்க் கறை படிந்த இடமாகப் பார்த்து ஒரு முத்தம் வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள். வண்டி புறப்பட்டது. சிவப்பு விளக்குகள் இரண்டும் வெண்மைக்குள் கரைந்தன.

மூன்று பேரும் ரோட்டில் நின்றார்கள். பார்க்க எதுவும் இல்லை. கேட்க மட்டும் இருந்தது. இன்ஜின் சத்தம் இடமாகப் போய், வலமாக வந்து, இன்னும் உயரே போய், மலையைச் சுற்றிக்கொண்டே ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் ஒருமுறை தேய்ந்து, ஒருமுறை தெளிந்தது.

"பதினாறு" என்றார் பெட்டிக்காரர். சற்றுப் பொறுத்து, "பதினேழு."

மரக்கடைக்காரர் கறுத்துப் போன கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு பறவை கூவிவிட்டு, தப்பு செய்தது போல நிறுத்திக்கொண்டது. சத்தம் இப்போது மிகச் சன்னமாகிவிட்டது. ஐஸ்காரி கட்டைச் சுவரில் காதைச் சாய்த்தாள். கல் வழியாகவாவது வருமா என்று.

பத்தொன்பது. உச்சியின் சமதரை. இன்ஜின் குரல் ஏறியது, ஏறியது, மூச்சைப் பிடித்துக்கொண்டது போல ஓரிடத்தில் நின்றது.

பெட்டிக்காரர் மூச்சையும் காணோம்.

அப்புறம் அந்தக் குரல் ஒரே படியாக, வழுக்காமல், தயங்காமல், கீழே இறங்கி அமர்ந்தது. மூன்றாவது. கொஞ்ச நேரத்தில் இன்னும் ஒரு படி. நான்காவது. மலை அதை வாங்கித் தன்னுள் வைத்துக்கொண்டது.

"விழுந்துடுச்சு" என்றார். கட்டுப் போட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் சுவரிலிருந்து காதை எடுக்காமலே இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். எதுவும் கேட்கவில்லை. வண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

"போயிட்டா" என்றாள் அவள்.